வேலை முடியாத வண்டிகள்

காரை நம் விருப்பத்துக்கு மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகளுக்கு ஹைதராபாத்தில் பஞ்சமே இல்லை. கச்சிபௌலி, கொண்டாபூர், மாதாபூர் பக்கம் போனால் கண்ணாடி முகப்பும் குளிரூட்டிய வரவேற்பறையுமாக இருக்கும். உள்ளே பளபளக்கும் ஒரு ஜீப், சுவரில் அலாய் சக்கரங்களின் வரிசை. ராணிகஞ்சிலும் ஜாம்பாகிலும் வேறு மாதிரி. பத்தடி அகலக் கடை, வாசலில் கொத்தாகத் தொங்கும் ஹாரன்கள், நடைபாதையிலேயே வேலை. பழைய நகரத்துக்குள் போனால் பெயர்ப்பலகைகூட இல்லாத பட்டறைகள். இந்த மூன்று வகையிலும் கைசுத்தமான ஆட்கள் உண்டு, மூன்று வகையிலும் ஏமாற்றுகிறவர்களும் உண்டு. முகப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நான் வளர்ந்தது கரூரில், பஸ் பாடி கட்டும் பட்டறைக்குப் பக்கத்தில்.

அப்பா அங்கே டிங்கர் மேஸ்திரி. எண்ணூரிலிருந்து லேலாண்டு சேசிஸ் வரும். எஞ்சினும் ஸ்டியரிங்கும் சக்கரமும் மட்டும்தான். வெயிலையும் தூசியையும் மறைக்க ஒன்றும் இருக்காது. ஓட்டி வருகிறவர் தலையோடு சேர்த்து முகத்தைத் துண்டால் கட்டியிருப்பார். அந்த எலும்புக்கூட்டின் மேல் குழாய்ச் சட்டம் நிறுத்தி, தகடு அடித்து, சீட் போட்டு, பெயின்ட் அடித்து முழு பஸ்ஸாக வெளியே அனுப்புவார்கள். பஸ் முதலாளிகளில் பெரும்பாலோர் வேலை முடிந்த பிறகு நல்ல நாள் பார்த்து வந்து, பூசணிக்காய் உடைத்து, வண்டியை எடுத்துப்போவார்கள். சிலர் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் நடுவில் வந்து நிற்பார்கள். தரைப்பலகை சேரும் இடத்தைக் குனிந்து பார்ப்பார்கள், ஜன்னலுக்குக் கீழே ரிவெட் வரிசையை விரலால் தடவுவார்கள். அப்பாவுக்கு இந்தச் சிலரைத்தான் பிடிக்கும். "தகடு அடிக்கறதுக்கு முந்தி வந்து பாத்துக்கங்க. அடிச்சுப்போட்டா அப்பறம் நாஞ்சொல்றதுதான் உங்களுக்குக் கணக்கு" என்று அவரே முதலாளிகளிடம் சொல்வார்.

எங்களிடம் ஒரு மாருதி ஜிப்சி இருந்தது. 1.3 லிட்டர் எஞ்சின், துணிக் கூரை, நாலு பக்கமும் லாரியைப் போலப் பட்டை ஸ்பிரிங். 2004-ல் அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. கிளட்ச் மிதிக்க முடியாதபடி அவருக்கு முழங்கால் வலி வந்ததும், "நீ கொண்டு போ அம்மிணி, நிறுத்தி வெச்சா துருப்புடிச்சுப் போயிரும்" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். கரூரையும் ஹைதராபாத்தையும் ஒரே சாலை இணைக்கிறது. சேலம், பெங்களூரு, அனந்தபூர், கர்னூல் வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 44. 800 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தில்தான் வண்டியின் குறைகள் எல்லாம் தெரிந்தன. பட்டை இறுகிப்போயிருந்தது. தரைத்தகட்டில் ஓட்டுநர் காலடியில் துரு ஏறியிருந்தது. ஸ்டியரிங் கனம். அம்மா ஆண்டில் சில மாதம் எங்களோடு வந்து இருப்பார். அவருடைய இடுப்பு அந்தக் குலுக்கலைத் தாங்காது. போதாததற்கு 2019-ல் வண்டிக்குப் பதினைந்து வருடம் முடியவிருந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டும், தெலங்கானாவுக்கும் மாற்ற வேண்டும். ஆக, வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும் பட்டை, ஸ்டியரிங், தரை, சீட் இந்த நான்கையும் சரி செய்ய வேண்டும், ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தினால் மறுபேச்சு வரக் கூடாது.

முதலில் போனது ஊரின் மேற்கே ஒரு கண்ணாடிக் கடை. பெயர் வேண்டாம். காபி கொடுத்தார்கள், கைக்கணினியில் படங்கள் காட்டினார்கள். அந்த இளைஞர் பேசியதெல்லாம் என் கணவரைப் பார்த்துத்தான். வண்டி என்னுடையது, ஓட்டுவது நான், கேள்வி கேட்டதும் நான். பதில் மட்டும் பக்கத்து நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்தது. பணம் கொடுப்பதற்கு முன்பே என் கேள்வி காதில் விழாதவருக்குக் கொடுத்த பிறகு என் புகாரா விழும்?

ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே மாற்றிக் கட்டினால் வண்டி ஐந்து இஞ்ச் உயரும், பெரிய டயர் போடலாம், முன்னால் இரும்பு பம்பர் வைக்கலாம், ஜிப்சியின் அழகே அதுதான் என்றார். அம்மா எப்படி ஏறுவார் என்பது அவர் யோசனையில் இல்லை. "உயர்த்தினால் பிரேக் ஹோஸை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். கரூரிலும் நாமக்கல்லிலும் பட்டை வேலை பார்க்கிற பையன்களுக்குக்கூடப் பதில் தெரிந்த கேள்வி இது. சக்கரத்தோடு சேர்ந்து ஆடுகிற ரப்பர் குழாய் அது. வண்டி உயர்ந்தால் ஆக்ஸில் பாடியை விட்டு விலகுகிறது, குழாய் மட்டும் பழைய நீளத்திலேயே இருக்கிறது. சமதளத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி முழுக்கத் தொங்கும்போது குழாய் விறைக்கும், நாளடைவில் விரிசல் விடும், ஒரு நாள் பிரேக்கை மிதித்தால் கால் தரைக்குப் போகும். உயர்த்துகிறவர் நீளமான ஹோஸ் போட்டே ஆக வேண்டும். டிரைவ் ஷாஃப்ட்டின் கோணத்தையும் பார்த்தாக வேண்டும். அந்த இளைஞர் என் கணவரைப் பார்த்துச் சிரித்து, "அதெல்லாம் எங்க டெக்னிக்கல் டீம் பார்த்துக்கும் சார்" என்றார். டீமைப் பார்க்கலாமா என்றேன். பின்பக்கம் வாடிக்கையாளர்களை விடுவதில்லையாம், பாதுகாப்பு விதியாம். வரவேற்பறையில் நின்ற ஜீப்பைத் தவிர வேறு எதையும் அந்தக் கடையில் நான் பார்க்கவில்லை.

அவர் சொன்ன பம்பரும் சாதாரண விஷயம் இல்லை. 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அந்த இரும்புத் தடுப்புகளை அகற்ற நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இடிபடும் பாதசாரிக்கு அது எமன். முன்பக்கம் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய இடத்தைக் கெடுத்து, உள்ளே இருப்பவர்களுக்கும் கேடு செய்கிறது. அதைவிடப் பெரிய செய்தி அப்போதுதான் வந்திருந்தது. 2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுதான் அடிப்படை. 2019-லேயே வந்த திருத்தத்தில் தண்டனையும் சேர்ந்தது: அனுமதி இல்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உரிமையாளருக்கு என்கிற சொல்லைக் கவனிக்க வேண்டும். சாலையில் மறித்து நிறுத்தினால் நிற்பது நாம்தான். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் மாற்றிய வண்டி மோதினால் இழப்பீட்டுக்கு அலைவதும் நாம்தான். தீர்ப்பைப் பற்றிக் கேட்டதற்கு அந்த இளைஞர், "எல்லாரும் போட்டுட்டுத்தான் போறாங்க" என்றார். நான் எழுந்துவிட்டேன்.

என்னோடு வங்கியில் வேலை பார்த்த ஒருவர் அந்தச் சமயத்தில் தம்முடைய பழைய காரை வேறொரு கடையில் கொடுத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை. மதிப்பீட்டில் முக்கால்வாசிப் பணத்தை முன்பணமாக வாங்கியிருந்தார்கள். மாதங்கள் ஓடின. போன் செய்தால் "ரேப்பு ரண்டி சார்." நாளை வாருங்கள் என்கிற அந்தப் பதிலை அவர் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார். வண்டியை மீட்கத் துணைக்குப் போனேன். கடன் வாங்கியவர்களின் கடைக்குத் திடீரென்று போய்ச் சரக்கைச் சரிபார்ப்பது எங்கள் வேலையில் வழக்கம். அந்தக் கண்ணோடு பார்த்தபோது நிலைமை ஒரு நிமிடத்தில் புரிந்தது. இருபது வண்டிகளாவது இருக்கும், வேலை செய்ய மூன்று பேர். பெரும்பாலான வண்டிகள் ஒரே கட்டத்தில் நின்றன: பிரித்துப் போட்டிருந்தார்கள், எதுவும் சேரவில்லை. டயர்கள் காற்றிறங்கித் தரையோடு தரையாக இருந்தன. ஒரு காரின் சீட்டில் இன்னொரு காரின் கதவு கிடந்தது. பானட்டில் தூசி, தூசியின் மேல் பூனையின் கால்தடம். புது வண்டியின் முன்பணத்தில் பழைய வண்டிக்குச் சாமான் வாங்கிச் சீட்டுப் பணத்தைச் சுழற்றுவதுபோல் சுழற்றியிருக்கிறார்கள். வரத்து நின்றதும் எல்லாம் நின்றுவிட்டது. வண்டியை இழுத்துக்கொண்டு வந்தோம். ஆல்டர்னேட்டர் வேறு, ஸ்டெப்னி வேறு, ஜாக்கி இல்லை. முதலில் என்ன இருந்தது என்பதற்கு அவரிடம் ஒரு படம்கூட இல்லாததால் கேட்கவும் முடியவில்லை.

கூட்டமாக வண்டி நிற்கிற கடையைப் பார்த்தால் வேலை நிறைய வருகிறது, நல்ல கடை என்று தோன்றுவது இயல்பு. எத்தனை வண்டி நிற்கிறது, எத்தனை கை வேலை செய்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். முடிந்த வண்டி கடைக்காரர் நமக்குக் காட்ட விரும்புவது; முடியாத வண்டிதான் அவருடைய கணக்குப் புத்தகம். கழற்றிய போல்ட்டுகள் டப்பாவில் பெயர் எழுதி இருக்கின்றனவா, தரையில் சிதறிக் கிடக்கின்றனவா? திறந்த எஞ்சினைத் துணி போட்டு மூடியிருக்கிறார்களா? நேற்றுப் பார்த்த வண்டி இன்று ஒரு படியாவது நகர்ந்திருக்கிறதா? கடைக்காரர் வாயைத் திறக்காமலே இதெல்லாம் தெரிந்துவிடும்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். சௌமஹல்லா அரண்மனைக்கு அழைத்துப்போனேன். அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் நிற்கிறது, 1912-ஆம் ஆண்டின் சில்வர் கோஸ்ட். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் ஆர்டர் கொடுத்தது. வண்டி வந்து சேர்வதற்கு முன்பே, 1911-ல், அவர் இறந்துவிட்டார். பின்னிருக்கை அரியணை மாதிரி உயர்த்திக் கட்டியது. எஞ்சினும் சேசிஸும் ரோல்ஸ்-ராய்ஸ் செய்தவை. பாடி கட்டியது லண்டனில் பார்க்கர் என்கிற நிறுவனம். குதிரை வண்டிக் காலத்திலிருந்தே அரச குடும்பங்களுக்கு வண்டி கட்டியவர்கள். அந்தக் காலத்தில் பெரிய கார் வாங்குவதே அப்படித்தான்: சேசிஸை ஓரிடத்தில் வாங்கி, நம்பிக்கையான பாடி பட்டறையிடம் ஒப்படைக்க வேண்டும். மற்றவர்கள் அரியணையைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அப்பா முழங்கால் வலியோடு மெல்லக் குனிந்து மட்கார்டின் உள்வளைவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சேசிஸ் ஒருத்தன், பாடி ஒருத்தன். நம்ம தொழில்தான் அம்மிணி இது" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதிகம் பார்த்ததில்லை.

மறுநாள் பஹதூர்புராவில் இருக்கும் சுதா கார் அருங்காட்சியகம். 2010-ல் திறந்தது. ஷூ வடிவில் கார், கிரிக்கெட் மட்டை வடிவில் கார், கேமரா வடிவில் கார். பள்ளிப் பருவத்திலிருந்தே கழிவுச் சாமான்களைப் பொறுக்கி வண்டி கட்டிய சுதாகர் யாதவ் என்கிற ஹைதராபாத்காரர் உருவாக்கியது. 2005-ல் உலகிலேயே பெரிய மூன்று சக்கர சைக்கிளைக் கட்டி கின்னஸில் இடம் பிடித்தவர். கையில் அசாத்தியமான வித்தை. அத்தனையும் ஓடுகிற வண்டிகள். அப்பா ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வந்தார். ஆனால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கட்டுகிற வண்டி வேறு, அம்மாவை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் 80-ல் போகிற வண்டி வேறு. பார்த்ததும் கண் விரிகிற வேலையைச் செய்கிற எல்லாரும் என் வண்டிக்கு ஆகிவிட மாட்டார்கள். அப்பாவிடம் ஆலோசனை கேட்டபோது, "சாமான் விக்கறவன்கிட்டப் போய்க் கேளு. அவனுக்குத்தான் எல்லாத்தோட வண்டவாளமும் தெரியும்" என்றார்.

ராணிகஞ்சில் மாருதி சாமான் விற்கும் ஒரு பெரியவரிடம் போனேன். யார் நல்ல மெக்கானிக் என்று கேட்டால் உறவுக்காரரைச் சொல்லிவிடுவார் என்று கேள்வியை மாற்றினேன்: உங்களிடம் வருகிறவர்களில் ஒரிஜினல் சாமான் கேட்டு வாங்குகிறவர் யார், மட்டச் சாமானை வாங்கிக்கொண்டு ஒரிஜினலுக்குப் பில் கேட்கிறவர் யார்? அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். இரண்டாவது வகைக்குப் பெயர் சொல்லவில்லை. முதல் வகைக்கு ஒரே ஒருவரைச் சொன்னார். மிருகக்காட்சிசாலைக்கு அந்தப்புறம் ஒரு சந்து, பெயர்ப்பலகை இல்லாத பட்டறை. பையன்கள் அவரை உஸ்தாத் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

சொல்லாமல்தான் போனேன். உட்கார ஸ்டூல் கொடுத்தார்கள். உள்ளே ஐந்தாறு வண்டிகள், நாலு பையன்கள். ஒரு பையன் ஒயர் இணைத்துக்கொண்டிருந்தான். சாதாரணமாக இரண்டு முனையையும் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிவிடுவார்கள். கோடைச் சூட்டில் டேப்பின் பசை இளகும், முறுக்கு தளரும், தளர்ந்த இடம் சூடேறும். கார் தீப்பிடிக்கிற கதைகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன. விளக்கிலும் இதே கதைதான். 60/55 வாட் பல்புக்கு ஆன ஒயரில் 100/90 வாட் பல்பை மாட்டிவிட்டு ரிலே வைக்காமல் விட்டால் சுவிட்ச் உருகும். அந்தப் பையன் முறுக்கிய இடத்தில் ஈயம் வைத்து, மேலே ஒரு குழாயைத் தள்ளிச் சூடு காட்டிச் சுருக்கினான். உஸ்தாத் வந்து இணைப்பைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். கழன்று வந்துவிட்டது. ஒன்றும் திட்டவில்லை. "ஃபிர் சே" என்றார். பையன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். நான் உட்கார்ந்திருந்ததை இருவருமே பொருட்படுத்தவில்லை.

ஓரத்தில் பெயின்ட் முடிந்த ஒரு கான்டெஸா நின்றது. கைப்பையிலிருந்து ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை எடுத்தேன். தகட்டில் ஒட்டும், பட்டி தடிமனாக அப்பிய இடத்தில் ஒட்டாது. உஸ்தாத் அதைப் பார்த்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கூரையின் மழைநீர் விளிம்பைக் காட்டி, அங்கே வைத்துப் பாருங்கள் என்றார். ஒட்டவில்லை. அந்த விளிம்பில் தகடு வெல்டிங் தாங்காத அளவுக்கு மெலிந்துபோயிருந்ததாம். உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் சம்மதித்த பிறகே பட்டி வைத்ததாகச் சொன்னார். மற்ற இடங்களில் எல்லாம் காந்தம் நின்றது. தன் வேலையில் பலவீனமான இடத்தைத் தானே தொட்டுக் காட்டுகிற ஆளை அதற்கு முன் நான் போன எந்தக் கடையிலும் பார்த்திருக்கவில்லை.

பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஜிப்சியை மிருகக்காட்சிசாலைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "இதில் யார் உட்காரப் போகிறார்கள்?" அம்மாவின் இடுப்பைப் பற்றிச் சொன்னேன். பட்டையை மேலே மாற்றிக் கட்டுவது பற்றிச் சும்மா கேட்டுப் பார்த்தேன். "நக்கோ மேடம்", வேண்டாம் என்றார். உயரம் கூடினால் திருப்பத்தில் சாயும், பிரேக் ஹோஸ் பத்தாது, ஆர்.சி.யில் வில்லங்கம் வரும். நான் கேட்காமலே ஹோஸ் அவர் வாயில் வந்தது. புதுப் பட்டை, இலைகள் குறைவான பாரபோலிக் வகை போடலாம் என்றார். ஏசி? துணிக் கூரை வண்டியில் போட்டால் குளிர் நிற்காது, எஞ்சினுக்குத்தான் பாரம், உங்கள் பணத்தை வாங்க எனக்கு மனம் வராது என்றார். இரும்புக் கூரை மாட்டலாமே என்றதற்கு, முதலில் ஆர்.டி.ஓ.விடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கி வாருங்கள், அப்புறம் பேசலாம் என்றார். வருமானம் தரக்கூடிய இரண்டு பெரிய வேலைகளை அவராகவே தள்ளிவிட்டார்.

கடைசியாக, அம்மாவை ஒருநாள் அழைத்துவரச் சொன்னார். அம்மாவுக்கு உருது தெரியாது, தெலுங்கும் தெரியாது. உஸ்தாதுக்குத் தமிழ் தெரியாது. முன்சீட்டில் அம்மாவை உட்காரவைத்தார்கள். கால் தரையில் சரியாகப் பதியவில்லை, தொடையின் அடிப்பகுதி சீட் விளிம்பில் அழுந்தியது. உஸ்தாத் ஒரு மரப்பலகையை எடுத்துவந்து காலடியில் வைத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தார். இன்னொரு பலகை. அம்மா தலையை ஆட்டியதும் அந்த உயரத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டார். சீட்டின் பின்புறம் இடுப்பு வளைவில் தன் தோள்துண்டை மடித்துச் செருகி அதே மாதிரி கேட்டார். துண்டை இரண்டு தடவை கூடுதலாக மடித்த பிறகு அம்மா, "இப்பச் செரியா இருக்குதுங்க" என்றார்.

உஸ்தாதிடம் எனக்கு ஒத்துவராதது ஒன்று இருந்தது. எதையும் எழுத மாட்டார். வாய்ச்சொல் போதாதா என்று வருத்தப்பட்டார். நல்ல மனிதர்களின் வாய்ச்சொல்லும் மறந்துபோகும், கடையில் பையன்கள் மாறுவார்கள், மூன்று வாரத்தில் யாருக்கு எது நினைவிருக்கும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எழுதிக்கொள்வது சந்தேகப்படுவதாகாது, இரண்டு பேரையும் காப்பது அதுதான் என்று இப்போதும் நம்புகிறேன். நீளநோட்டில் வேலைகளை நானே எழுதினேன். உருதுவில் கையெழுத்துப் போட்டார். சாமானை ராணிகஞ்சில் என் பெயரில் பில் போட்டு நானே வாங்குவது, கூலியைக் கட்டம் கட்டமாகக் கொடுப்பது என்று முடிவானது. அவர் முன்னாலேயே சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். எஞ்சின் எண், பேட்டரி, டயர்களில் இருக்கும் எண்கள், கிலோமீட்டர் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். பையனை டார்ச் பிடிக்கச் சொன்னார். இந்தப் பென்சில் தேய்ப்பு வீண் வேலை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு, 2020 டிசம்பரில், நாடறிந்த ஒரு கார் வடிவமைப்பாளரை மும்பை போலீஸ் கைது செய்தது. ஒரே சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றுக்கு மேற்பட்ட கார்களில் இருந்தன என்பது குற்றச்சாட்டு. வண்டிக்கு அந்த எண்தான் உயிர்.

ரம்ஜான் தொடங்கினால் பையன்கள் பிற்பகலுக்கு மேல் வேலை செய்ய மாட்டார்கள், பெருநாளுக்குப் பிறகுதான் முடியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்படியே ஆனது. தாமதமாகும்போதெல்லாம் நான் கூப்பிடுவதற்கு முன் அவர் கூப்பிட்டார். ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. தரையில் அரித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தாயிற்று, சாயங்காலம் மேலே மேட் ஒட்டப் போகிறோம், ஒட்டினால் தெரியாது, வந்து பார்த்துவிடுங்கள் என்றார். போனேன். பற்றவைத்த கோடு விடாமல் ஓடியிருந்தது. மேலும் கீழும் ரெட் ஆக்ஸைடு அடித்திருந்தார்கள். தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைக்காமல் ரப்பர் மூடி போட்டிருந்தார்கள். படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"மூடறதுக்கு முந்தி அவராவா கூப்புட்டுக் காட்டறாரு?"

"ஆமாப்பா."

"அப்ப வேற கேள்வியே வேண்டாம். அடுத்த தடவ வர்றப்ப அவரப் பாக்கோணும்."

வண்டியை எடுக்கப் போனபோது பின்பக்கம் ஒரு சிமென்ட் சாக்கு இருந்தது. கழற்றிய பழைய சாமான் எல்லாம் அதில்: பட்டை புஷ்கள், ஷாக் அப்சார்பர்கள், பாதி அரித்த தரைத்தகடு, கருகிய ஒயர்த் துண்டுகள். நீளநோட்டை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பிரேக் ஹோஸ்கள் மட்டும் இல்லை. அவற்றையும் புதிதாக மாற்றியிருந்தார், பதினைந்து வருட ரப்பர். நோட்டின் கடைசி வரியைக் காட்டினார். எழுதவே மாட்டேன் என்றவர் ஒரு பையனை விட்டு எழுதவைத்திருந்தார்: பழைய ஹோஸ், வெட்டிப் போட்டாயிற்று. ஏன் வெட்டினீர்கள் என்றேன். முழுசாகக் கிடந்தால் யாராவது பொறுக்கிக் கழுவி விற்றுவிடுவார்கள், இன்னொருவர் வண்டியில் ஏறிவிடும் என்றார்.